நோயாளியை விட்டு விலகாத மேற்படிப்பு: செவிலியர் ஒருவரின் தாய்க்கு

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகள் அறுவைச் சிகிச்சை வார்டில் நான்கு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறார் என்றும், நிலையான வேலை கையில் இருக்கும்போதே முதுநிலைப் படிப்பில் சேர விரும்புகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படிப்புச் செலவைக் காட்டிலும், படித்து முடித்தபின் அவருக்கு மனம் ஒன்றிய நோயாளி பராமரிப்பை விட்டுவிட்டு ஓர் அலுவலக மேசைக்கோ வகுப்பறைக்கோ போய்ச் சேர நேருமோ என்பதே உங்களை அதிகம் கவலைப்பட வைத்திருக்கிறது என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. இந்த அச்சம் ஆதாரமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். செவிலியர் தொழிலில் நெடுங்காலமாக உயர்வு என்றாலே வார்டுப் பொறுப்பாளர், கண்காணிப்பாளர், ஆசிரியர் என்ற ஏணிதான் இருந்தது; அதில் ஏற ஏற நோயாளியின் கட்டில் தூரமாகிக்கொண்டே போனது. மிகத் திறமையான கைகள் கோப்புகளைப் புரட்டும் இடத்தில் போய் முடிந்ததை நானும் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த ஏணிக்கு மாற்றாக இன்னொரு வழி பல ஆண்டுகளுக்கு முன்பே திறந்துவிட்டது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹில்டெகார்ட் பெப்லாவ் 1954-ல் மனநலச் செவிலியருக்கான முதுநிலைப் படிப்பைத் தொடங்கியபோது, நோயாளியோடு நேரடியாக இருந்து செய்யும் பணியிலேயே நிபுணராவது அதன் நோக்கமாக இருந்தது. 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, குழந்தைகளைத் தாமே பரிசோதித்து முடிவெடுக்கும் பயிற்சியைச் செவிலியர்களுக்குக் கொடுத்தார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பொறுப்பு அங்கிருந்து பிறந்தது. சர்வதேசச் செவிலியர் கவுன்சில் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்த உயர்நிலைப் பணியை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டி, இரண்டுக்கும் முதுநிலைப் பட்டத்தையே அடிப்படைத் தகுதியாக வைக்கின்றன.

அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் மகள் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம். கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என்பவர் புண் பராமரிப்பு, நீரிழிவு, புற்றுநோய் போன்ற ஒரு துறையில் ஆழ்ந்த அறிவு பெற்று, சிக்கலான நோயாளிகளைத் தாமே கவனிப்பதோடு அந்தத் துறையில் மற்றச் செவிலியர்களின் பராமரிப்புத் தரத்தையும் உயர்த்துபவர். நர்ஸ் பிராக்டிஷனரோ, இன்னும் நோய் என்னவென்று தெரியாத நிலையில் வரும் ஒருவரிடம் விவரம் கேட்டு, உடலைப் பரிசோதித்து, தேவையான சோதனைகளை எழுதி, நோயைக் கண்டறிந்து, சிகிச்சையையும் தீர்மானிப்பவர். பட்டத்தின் பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். செய்யும் பணி வேறு, அதற்கு வேண்டிய மனப்பாங்கும் வேறு.

ஒரு செவிலியர் இவ்வளவு பொறுப்பை ஏற்கலாமா என்று உங்களுக்குத் தோன்றினால், அது நியாயமான கேள்விதான். முதல்நிலைச் சிகிச்சையில் மருத்துவர் செய்யும் சில பணிகளைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்தபோது என்ன நடந்தது என்பதை 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2018-ல் வெளியிட்டது. நோயாளிகளின் உடல்நிலை பெரும்பாலும் மருத்துவர் பார்த்ததற்கு இணையாகவோ சற்று மேலாகவோ இருந்தது என்பதே அதன் முடிவு. அந்த முடிவில் ‘பயிற்சி பெற்ற’ என்ற சொல்லுக்குத்தான் முழு எடையும் இருக்கிறது. ஆகவே அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது என்பதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் இரவில் ஒரு நோயாளிக்கு 38.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று உங்கள் மகள் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சின் வேகம் எல்லாவற்றையும் குறித்து, டியூட்டி மருத்துவருக்குத் தகவல் சொல்லி, அவர் சொல்லும் மருந்தைக் கொடுப்பார். அதைத் தவறில்லாமல் செய்வதே பெரிய திறமை. உயர்நிலைப் பயிற்சி பெற்றவரோ, காய்ச்சலுக்குக் காரணம் தையல் போட்ட இடமா, நுரையீரலா, சிறுநீர்க் குழாயா, நரம்பூசி போட்ட இடமா, கெண்டைக்கால் நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கிறதா, கொடுத்த மருந்தேதானா என்று ஒவ்வொன்றாக எண்ணி, அதற்கேற்பப் பரிசோதித்து, எந்தச் சோதனை இப்போதே வேண்டும், எது காலைவரை காத்திருக்கலாம் என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்துக்கான காரணத்தையும் எழுதி வைப்பார். பிறகு மூத்த மருத்துவரோ அனுபவமுள்ள பிராக்டிஷனரோ அவரை உட்கார வைத்து, எந்த இடத்தில் சரியாக யோசித்தார், எதை விட்டுவிட்டார் என்று கேள்வி கேட்டுத் திருத்துவார். இப்படித் திருத்தப்படும் மணிநேரங்கள்தான் இந்தப் படிப்பின் உயிர். வழக்கமான ஷிஃப்ட் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளுக்கு முன்பு குறைந்தது 500 மணி நேரமாக இருந்த நேரடி நோயாளிப் பயிற்சியை 2022-ல் வெளியான தர நெறிகள் 750 ஆக உயர்த்தின. வேறு நாடுகளில் எண்ணிக்கை மாறலாம். ஆனாலும் உங்கள் மகள் எந்தக் கல்லூரியை அணுகினாலும் மேற்பார்வையோடு கூடிய பயிற்சி எத்தனை மணி நேரம், மேற்பார்வையாளர் யார், அவரிடம் ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உடலியக்கக் கோளாறுகளின் ஆழமான பாடம், மருந்தியல், உடல் பரிசோதனை ஆகிய மூன்றும் பாடத்திட்டத்தில் தனித்தனியாகவும் வலுவாகவும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இவை மெலிந்து, நிர்வாகமும் கற்பித்தல் முறையும் பக்கங்களை நிரப்பியிருந்தால், நீங்கள் அஞ்சும் மேசைக்குத்தான் அந்தப் படிப்பு அழைத்துப் போகும். கோட்பாட்டுப் பாடங்களை இணையவழியில் படிப்பதில் தவறில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து அறிவதையும் நெஞ்சொலியைக் கேட்டுப் பிரித்தறிவதையும் திரையிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டம் மட்டுமே அதிகாரத்தைத் தருவதில்லை. மருந்து எழுதுவதும் நோயைக் கண்டறிவதும் அந்தந்த நாட்டின் சட்டமும் பதிவுக் கவுன்சிலும் அனுமதித்தால் மட்டுமே நடக்கும். செவிலியர் அல்லாத பிற துறையினரிடமிருந்து ஓர் உதாரணம்: பிரிட்டனில் பிசியோதெரபிஸ்டுகளுக்கு 2013-லும் பாராமெடிக்குகளுக்கு 2018-லும் தாமே மருந்து எழுதும் உரிமை சட்டப்படி கிடைத்தது. அப்போதும் அதற்கென்று தனித் தகுதி பெற்று, அது பதிவேட்டில் குறிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு. ஆகவே படிப்பு முடிந்தபின் எந்தக் கவுன்சிலில், எந்தப் பெயரில் பதிவு செய்ய முடியும் என்பதையும், அந்தப் பணியிடம் மருத்துவமனைகளில் உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் கட்டணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். என்னிடம் வந்த ஒரு செவிலியர் இரண்டு ஆண்டுகள் உழைத்துப் பட்டம் பெற்றுத் திரும்பியபோது, அவருடைய மருத்துவமனையில் அப்படி ஒரு பதவியே உருவாக்கப்பட்டிருக்கவில்லை; பழைய வார்டில், பழைய ரோஸ்டரில், பழைய வேலையையே தொடர்ந்தார். அவர் கண் கலங்கியதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்த ஒரு செய்தியைக் கேட்கிறவர்கள் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வேலையை விட்டுத்தான் படிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பகுதிநேரமாகவும் படிக்கலாம், ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிரிட்டன் முறையில் முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு. ஆக 1,800 மணி நேரம். மூன்று ஆண்டுகளில் முடிப்பதானால், வாரத்துக்குச் சுமார் 11 அல்லது 12 மணி நேரம் ஒதுக்க வேண்டும். நைட் டியூட்டி வாரங்களில் அது கைகூடாது என்பதால், மற்ற வாரங்களில் சுமை கூடும். அங்கே 60 கிரெடிட்டில் சான்றிதழோடும் 120-ல் டிப்ளமோவோடும் நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. உங்கள் மகள் சேரும் இடத்திலும் இப்படிப் படிப்படியாக வெளியேறும் வழி இருந்தால், அது உங்கள் இருவருக்குமே மனநிம்மதியைத் தரும்.

நான்கு ஆண்டு அனுபவம் போதும் என்றே நான் கருதுகிறேன். செவிலியரின் திறமை புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை ஐந்து படிகளில் வளர்கிறது என்று பாட்ரீசியா பென்னர் 1984-ல் விளக்கினார். புதிய சூழலுக்கு மாறும்போது தேர்ந்தவரும் மறுபடி புதியவராகிவிடுவார் என்பதும் அவர் சொன்னதே. வார்டில் எல்லோரும் யோசனை கேட்கும் நிலையில் இருக்கும் உங்கள் மகள், படிப்பின் முதல் ஆண்டில் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று மனம் தளர்ந்து போனில் பேசக்கூடும். அந்த நாளில், ‘அப்போதே சொன்னேனே’ என்ற சொல் உங்களிடமிருந்து வராமல் இருந்தால், அதுவே அவருக்குப் பெரிய துணை. அந்தத் தளர்ச்சி பெரும்பாலும் படிப்பு சரியாக நடப்பதன் அடையாளமாகவே இருக்கும்.

இப்போதைக்கு மகளிடம் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். கடந்த சில மாதங்களில், ‘இந்த முடிவை நானே எடுக்க முடிந்திருந்தால்’ என்று அவர் நினைத்த ஐந்து சந்தர்ப்பங்களை, நோயாளியின் பெயரோ அடையாளமோ இல்லாமல், எழுதித் தரச் சொல்லுங்கள். ஐந்தும் புண், வலி, ஆஸ்டமி (மலமோ சிறுநீரோ வெளியேற வயிற்றில் அமைக்கும் செயற்கைத் திறப்பு) என்று ஏதோ ஒரு துறையைச் சுற்றியே இருந்தால் ஸ்பெஷலிஸ்ட் படிப்பு அவருக்குப் பொருந்தும். ஐந்தும் ஐந்து திசையில், ஆனால் எல்லாமே திடீரென்று மோசமான நோயாளிகளைப் பற்றியவை என்றால், பிராக்டிஷனர் படிப்பைப் பார்க்கலாம். அந்தத் தாளையும், அவர் மனத்தில் வைத்திருக்கும் படிப்புகளின் பாடத்திட்டங்களையும் எனக்கு அனுப்பி வையுங்கள். சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்