பழைய தச்சுக் கருவிகளைச் சேகரித்துச் சீரமைக்க ஆசை. எதில் தொடங்கலாம்?

மரத்தைச் சீவிச் சமமாக்கும் இழைப்புளியில் தொடங்குங்கள். ஒன்றே ஒன்று போதும். அது மரத்தில் ஒழுங்காகச் சுருள் எடுக்கும்வரை அடுத்ததை வாங்காதீர்கள். ஆசையில் பத்து உளி, நாலு ரம்பம் என்று வாங்கிக் குவித்தால் துருவோடு வந்தவை துருவோடே பெட்டியில் கிடக்கும். என் முதல் வருடம் அப்படித்தான் போனது.

ஏன் இழைப்புளி? துரு எடுப்பது, எஃகைத் தீட்டுவது, கைப்பிடி மரத்தைப் பராமரிப்பது, திருகுகளைச் சரிசெய்வது எல்லாம் அந்த ஒரு கருவியிலேயே பழகிவிடும். இன்று பரவலாகப் பார்க்கும் உலோக இழைப்புளியின் அமைப்பு லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கருடையது. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. பிற்பாடு வேறு பல நிறுவனங்களும் அதே அமைப்பில் செய்தன. அதனால் ஏதாவது ஒரு பாகம் இல்லை என்றாலும் பல நேரம் இன்னொரு பழைய இழைப்புளியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஸ்டான்லி இழைப்புளிகளின் அளவுக்கு எண் உண்டு; 5ஆம் எண் என்பது சுமார் 14 அங்குல நீளம். முதல் கருவிக்கு நான் அதையே சொல்வேன். முரட்டு வேலைக்கும் வரும், ஓரளவு நயமான வேலைக்கும் வரும்.

வாங்கும்போது துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். மேலே படிந்த செந்துரு போய்விடும். பயப்பட வேண்டியது விரிசலுக்கு. வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் நெளியாது, உடையும். அலகு வெளியே வரும் வாயின் இரு மூலைகளையும் பக்கச் சுவர்களையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மெல்லிய கருப்புக் கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம் அலகைக் கழற்றி அதன் தட்டையான பின்புறத்தைப் பாருங்கள். கூர்முனையை ஒட்டித் துரு குழி பறித்திருந்தால், அந்தக் குழி ஒவ்வொன்றும் கூரில் ஒரு பல்லாக வந்து நிற்கும்.

துரு எடுக்க நான் வினிகரைத்தான் பயன்படுத்துகிறேன். ஓர் இரவு ஊறினால் போதும். அதிக நேரம் விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும். வெளியே எடுத்ததும் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். "உடனே" என்றால் உடனே. சில நிமிடம் தாமதித்தாலும் சுத்தமான இரும்பின் மேல் மஞ்சள் படர ஆரம்பித்துவிடும். சிலர் சலவைச் சோடா கரைசலில் மின்சாரம் செலுத்தித் துரு எடுப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் நேர்முனையில் எவர்சில்வர் துண்டை மட்டும் வைக்காதீர்கள், அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரைசலில் சேரும்.

சரி, தீட்டுவதற்கு வருவோம். என் முதல் அலகை அவசரப்பட்டு மின்சாரச் சாணையில் பிடித்தேன். முனையில் நீல நிறம் ஓடியது. சாதாரண கார்பன் எஃகு நீலமாகும் அளவுக்குச் சூடானால் கடினம் குறைந்துவிடும், பிறகு கூர் நிற்காது. அந்த நீலப் பகுதி முழுவதையும் கல்லில் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து கையால்தான் தீட்டுகிறேன். முதலில் பின்புறத்தின் கடைசி அரை அங்குலத்தையாவது கண்ணாடி மாதிரி தட்டையாக்குங்கள். பிறகு முன்புறத்தை 25 டிகிரிச் சரிவாகத் தீட்டுங்கள், நுனியில் மட்டும் 30. தீட்டும்போது மறுபக்கம் விரலில் தட்டுப்படும் பிசிர், முனை முழுக்க ஒரே சீராக வந்த பிறகே அடுத்த, இன்னும் நயமான கல்லுக்குப் போக வேண்டும்.

பலர் கவனிக்காத இடம், அலகின் மேல் உட்காரும் மூடித்தகடு. இரண்டையும் சேர்த்துத் திருகி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இடையில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் சுருள் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும். நன்றாகத் தீட்டியும் வாய் அடைக்கிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். தகட்டின் முன்விளிம்பைக் கல்லில் தேய்த்து இடைவெளியே இல்லாமல் உட்காரச் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பளபளப்புக்காகத் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். என்னிடமுள்ள ஒரு மர இழைப்புளியின் முன்முகத்தில் இரண்டு எழுத்துகள் குத்தியிருக்கின்றன. பழைய உரிமையாளரின் பெயரெழுத்துகளாக இருக்க வேண்டும். அவர் கட்டைவிரல் பதிந்த இடம் மரத்தில் வழவழவென்று பள்ளமாகியிருக்கிறது. என் கட்டைவிரலும் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது. உப்புத்தாளில் பத்து நிமிடம் தேய்த்தால் இதெல்லாம் போய்விடும், திரும்ப வராது. அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும், அலகு கூராக இருக்க வேண்டும், துரு பரவக் கூடாது. மற்றபடி கறை இருந்தால் இருக்கட்டும்.

கைப்பிடிக்கு வார்னிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு போதும். ஆனால் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.