மூன்று மனு கொடுத்தாயிற்று, அடுத்து என்ன?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு செவிலியர். தென் மாவட்ட மாநகராட்சி ஒன்றில், 6 வார்டுகளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஒரு சிறு அறக்கட்டளை நடத்துகிறோம். 14 தன்னார்வலர்கள், ஒரு ஆட்டோ. பதிவேட்டில் 62 பேர் இருக்கிறார்கள். இந்த வேலையை மாநகராட்சியும் கையில் எடுக்க வேண்டும் என்று மேயரிடம் ஒன்று, ஆணையரிடம் ஒன்று, குறைதீர் நாளில் ஒன்று என மூன்று மனு கொடுத்தோம். 'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு மேல் பதில் இல்லை. எங்களுக்கு அரசியல் செல்வாக்கு கிடையாது. இவ்வளவு சிறிய அமைப்பால் ஒரு நகரத்தின் சுகாதாரக் கொள்கையை மாற்ற முடியுமா? மனுவோடு நோயாளிகளின் படங்களை இணைத்தால் பலன் இருக்குமா?

பதில்: முடியும். ஆனால் நீங்கள் கொடுத்த மூன்று மனுக்களால் முடியாது. நகல்களைப் படித்துப் பார்த்தேன். மூன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'படுக்கையில் வாடும் முதியோர் நலன் காக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.' இந்த வரியைப் படிக்கும் அலுவலர் நல்ல மனசுக்காரராகவே இருக்கட்டும். அவர் எதில் கையெழுத்துப் போடுவார்? 'ஆவன' என்றால் எது? யாரை அனுப்ப வேண்டும், எத்தனை நாள், எந்தச் செலவுத் தலைப்பில்? இதற்கெல்லாம் பதில் இல்லாத மனு பிரிவு விட்டுப் பிரிவு போய், 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலோடு திரும்பி வரும். பல வருடம் சுகாதாரப் பிரிவுக் கோப்புகளோடு புழங்கியவன் என்பதால் சொல்கிறேன். அப்படித் திரும்பிய மனுக்களில் பாதிக்கு மேல் நியாயமானவை. அவற்றில் கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எது யாருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நகர்ப்புற நலவாழ்வு மையங்களையும் அன்றாடம் நடத்துவது மாநகராட்சி; அவற்றின் பொறுப்பு மாநகர நல அலுவலரிடம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாநில அரசினுடையது. அங்கே படுக்கை கிடைக்கவில்லை என்று மேயரிடம் எழுதிப் பயனில்லை. மருந்து கொள்முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக நடக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் மாநில அரசு தொடங்கிய திட்டம். வீட்டுக்கே வந்து ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை தருவதோடு இயன்முறை சிகிச்சையும், தீராத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் பேலியேட்டிவ் கேர் என்கிற ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. அதாவது நீங்கள் கேட்பதற்கு அரசாணை அளவில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. உங்கள் 62 பேரில் எத்தனை வீட்டுக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. உங்கள் மாநகராட்சியில் இந்த வேலைக்கென்று எத்தனை செவிலியர், எத்தனை இயன்முறை மருத்துவர் இருக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். சொல்லவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் எடுத்ததும் அந்தச் சட்டத்தை நீட்டாதீர்கள். நாளைக்கு உங்களோடு சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

சரி, இனி பதிவேட்டுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு வரி: '71 வயது. யூரின் டியூப் மாற்ற ஜி.எச். போய் வந்தார்கள். ஆட்டோ 500. மகளுக்கு அன்றைய வேலை போச்சு.' ஒரு டியூப் மாற்றப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். அதற்காக எழுந்து உட்கார முடியாத ஒரு அம்மாவைப் போர்வையோடு தூக்கி, மாடிப்படி இறக்கி, ஆட்டோவில் குறுக்காகப் படுக்க வைத்து, புறநோயாளிச் சீட்டு வாங்கி, மதியம் வரை காத்திருந்து கூட்டி வருகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் மறுபடியும் இதே பாடு. நீங்கள் செவிலியராக இருந்தவர் என்பதால்தான் இது பதிவேட்டில் ஏறியிருக்கிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் 'முதியவர், உதவி தேவை' என்பதோடு முடிந்திருக்கும்.

இதே மாதிரி டியூப் போட்டவர்கள் உங்கள் கணக்கில் 19 பேர். ஆட்டோவுக்கு 500, கூடப் போகிறவரின் ஒருநாள் கூலி குறைந்தது 500 என்று வைத்தாலும், இந்த 19 ஏழைக் குடும்பங்கள் மாதம் 19,000 ரூபாய் இழக்கின்றன. இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு செவிலியர் வீடு வீடாகப் போய் ஒரு நாளைக்கு 5 பேருக்கு மாற்றினால், 19 பேருக்கு 4 நாள். மாதத்தில் 4 நாள்! உங்கள் ஆட்டோ இருக்கிறது, வீடு தெரிந்த தன்னார்வலர் இருக்கிறார். மாநகராட்சி தர வேண்டியது ஒரு செவிலியரின் 4 நாள், டியூப், யூரின் பை, கையுறை. இதுதான் உங்கள் கோரிக்கை. இதற்கு மாமன்றம் கூட வேண்டியதில்லை. மாநகர நல அலுவலர் ஒரு செயல்முறை ஆணை போட்டு, செவிலியரின் மாதப் பயணத் திட்டத்தில் அந்த 4 நாளைச் சேர்த்தால் போதும்.

படுக்கைப்புண், டயப்பர், கடும் வலிக்குத் தரும் மார்ஃபின், இயன்முறை சிகிச்சை, கவனித்துக்கொள்பவருக்கு ஓய்வு என்று நீங்கள் எழுதியிருக்கும் மற்ற பதினொரு கோரிக்கைகளும் நியாயம். எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்தால் ஒன்றும் நடக்காது. முதலில் இந்த ஒன்றை வாங்குங்கள். ஆறு மாதம் நடக்கட்டும். எத்தனை முறை போனார்கள், எத்தனை பேருக்குத் தொற்று வந்தது, எத்தனை பேர் மருத்துவமனைக்கு அலையாமல் தப்பித்தார்கள் என்று மாதாமாதம் ஒரு பக்கம் எழுதி, மாநகர நல அலுவலருக்கும் அந்தச் சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும் கொடுத்துவிடுங்கள். அந்தச் செவிலியரின் பெயர் நல்லபடியாக அதில் இருக்கட்டும். ஊழியரைக் குறை சொல்லி வாங்கிய ஆணை அந்த ஊழியர் கையாலேயே செத்துப்போகும்.

ஆனால் ஆணை கொள்கை ஆகாது. அலுவலர் மாறினால் ஆணையும் மறந்துபோகும். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் இரண்டு வருடம் அருமையாக நடந்த வீட்டுச் சேவை, புதியவர் வந்த மாதமே நின்றது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. 'இது எந்தத் தீர்மானப்படி நடக்கிறது?' என்று கேட்டார்; எடுத்துக் காட்ட ஒரு தாள் இல்லை. அதனால் இரண்டாவது படியாக மாமன்றத் தீர்மானமும் பட்ஜெட்டில் ஒரு வரியும் வேண்டும். தொகை சிறிதாக இருக்கட்டும், பரவாயில்லை. ஒருமுறை தலைப்பு விழுந்துவிட்டால் அடுத்த ஆண்டு அதைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம். இல்லாத தலைப்பைக் கூட்ட முடியாது.

இதற்குக் காலம் முக்கியம். மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வாசிக்கப்படும். அன்றைக்குப் போய் நின்றால் எல்லாம் அச்சாகி முடிந்திருக்கும். பிரிவுகளிடம் மதிப்பீடு கேட்பது அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு. ஆகவே தீபாவளி முடிந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் 6 வார்டு உறுப்பினர்களையும் தனித்தனியாகப் பாருங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரே தாள், ஒரே பேச்சு. ஒவ்வொருவரிடமும் அவர் வார்டில் எத்தனை பேர், எந்தெந்தத் தெரு என்று மட்டும் சொல்லுங்கள். தன் வார்டின் எண்ணிக்கையைக் கேட்ட உறுப்பினர் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் இருந்து நான் கண்டதில்லை. அப்புறம் மாமன்றத்தின் பொது சுகாதார நிலைக்குழுத் தலைவர். மேயர் கடைசியில்தான். நீங்கள் தலைகீழாகப் போயிருக்கிறீர்கள்.

வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையை விட்டுவிடாதீர்கள். 2022-இல் வந்த விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்கப்பட்டன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோருமே அதில் பங்கேற்கலாம். எல்லா வார்டிலும் ஒழுங்காகக் கூடுவதில்லை, கூடினாலும் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீரிலேயே நேரம் போய்விடும் என்பது உண்மை. பேசிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து, கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். 6 வார்டுகளின் குறிப்பிலும் ஒரே கோரிக்கை இருந்தால், நிலைக்குழுவில் அதை 'ஒரு அறக்கட்டளையின் விருப்பம்' என்று தள்ள முடியாது. இதேபோல் மாவட்ட அளவில் நடக்கும் சுகாதாரப் பேரவைக் கூட்டத்துக்கும் உங்கள் ஒரு பக்கத்தைக் கொண்டுபோங்கள். மாநில அரசின் கையில் உள்ள விஷயங்களுக்கு, உதாரணமாக மார்ஃபின் கிடைப்பதற்கு, அதுதான் இடம்.

'எங்களைப் போன்ற சிறியவர்கள்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து வலிநிவாரண ஆதரவு சிகிச்சைக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தவர்களுக்குச் சிகிச்சை கிடைத்தது. வர முடியாமல் வீட்டில் கிடந்தவர்கள் எப்போதும்போல் கிடந்தார்கள். அதனால் வேலை வீடுகளை நோக்கி நகர்ந்தது. பிறகு மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்தாரே பயிற்சி எடுத்து, தங்களுக்குள் பணம் சேர்த்து, தங்கள் தெருவின் நோயாளிகளைப் பார்க்கும் வலைப்பின்னல் வளர்ந்தது. தெருவில் இத்தனை பேர் இதைச் செய்வதைப் பார்த்த பஞ்சாயத்துகள் விலகி நிற்க முடியவில்லை. 2008-இல் கேரள அரசு ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. இந்தியாவில் அப்படி அறிவித்த முதல் மாநிலம் அதுதான். இன்று அங்கே உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் நிதியிலிருந்து செவிலியரை வைத்து வீட்டுச் சேவை நடத்துகின்றன. 1993 முதல் 2008 வரை 15 ஆண்டு. நான் இதில் திரும்பத் திரும்ப யோசிப்பது வரிசையை: முதலில் வேலை, அடுத்து அக்கம்பக்கம், அப்புறம் உள்ளாட்சி, கடைசியில் மாநிலம். நீங்கள் இரண்டாம் படியில் நிற்கிறீர்கள். 14 தன்னார்வலர் என்பது சின்ன விஷயம் இல்லை.

நம் சென்னையிலும் உண்டு. தெருவில் திரிந்த, மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பும் அதைப் போன்றவையும் பல ஆண்டு செய்து காட்டிய வேலையின் தொடர்ச்சியாகத்தான், 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து இப்படிப்பட்டவர்களுக்காக நடத்தும் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் வந்தன.

இனி ஓர் எச்சரிக்கை. வேலை பிடித்துப்போனால் மாநகராட்சி உங்களிடமே 'நீங்களே நடத்துங்கள், பணம் தருகிறோம்' என்று சொல்லும். சந்தோஷமான செய்திதான், ஆனால் யோசித்து வாங்குங்கள். பணம் வர ஆரம்பித்ததும் பில் பாஸ் ஆக வேண்டுமே என்ற கவலை வரும். குறையைச் சொல்லும் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஒப்பந்தத்தில் மாதாந்திரக் கணக்கை நிலைக்குழுவுக்கும் வார்டு குழுக்களுக்கும் நேரடியாகத் தருவோம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். முடிந்தால் உங்கள் செலவில் பாதியாவது ஊர்ப் பணமாகவே இருக்கட்டும்.

தேர்தல் நேரத்தில் எந்த மேடையிலும் ஏறாதீர்கள், வண்டியில் யார் படமும் ஒட்டாதீர்கள். மற்றபடி கொள்கை பற்றிப் பேசினால் அறக்கட்டளைப் பதிவு போய்விடும் என்று உங்கள் ஆடிட்டர் பயமுறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். நலத்திட்டம் கேட்டு வார்டு உறுப்பினரைப் பார்ப்பது கட்சி அரசியல் ஆகாது. வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புகள் விஷயத்திலேயே, கட்சி அரசியல் நோக்கமின்றிப் பொதுக் காரியத்துக்குக் குரல் கொடுப்பவர்களைத் தண்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வெளிநாட்டு நிதியே கிடையாது.

கடைசியாகப் படங்கள். வேண்டாம் அம்மா. படுக்கைப்புண்ணோடு கிடக்கும் ஒருவரின் படம் கோப்பில் ஏறினால் எத்தனை மேசை சுற்றும், யாருடைய போனில் போய் நிற்கும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. பெயரும் வீட்டு எண்ணும்கூட மனுவில் வேண்டாம். வார்டு, தெரு, வயது, தேவை போதும். படத்துக்குப் பதில், அந்த 71 வயது அம்மாவின் மகள் சம்மதித்தால், நிலைக்குழுத் தலைவரைப் பார்க்கப் போகும்போது கூட்டிப் போங்கள். மாடிப்படியில் எப்படி இறக்கினோம் என்பதை அவர் இரண்டு நிமிடம் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த 4 நாள் கணக்கை நீட்டுங்கள். அன்றைய கூலியை அறக்கட்டளைக் கணக்கிலிருந்து அவருக்குக் கொடுத்துவிடுங்கள், அவர் திரும்பும் வரை அம்மாவின் பக்கத்தில் ஒரு தன்னார்வலர் இருக்கட்டும்.