மொட்டைச் சுவரா, வளைந்த கூரையா: வீடு கட்டுகிறவர்கள் கேட்டவை

மினிமலிச வீடு பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாக இந்த டெல்டாவில்தான் வீடு வரைந்து கட்டிக்கொண்டிருக்கிறேன், அதை வைத்துத்தான் பதில்.

கேள்வி (கும்பகோணம்): சார், மினிமலிஸ்ட், எக்ஸ்பிரசிவ் என்கிறார்களே, படம் காட்டாமல் புரிய வைக்க முடியுமா?

பதில்: முடியும். பெரிய கோயில் விமானத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா கட்டியதன் விளிம்பு நேர்கோடாக ஏறும், மகன் கட்டியது உள்வாங்கி வளைந்து ஏறும். இரண்டிலும் சிற்பம் ஏராளம், அதனால் பெரிய கோயிலை மினிமலிசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நேர்கோடு நம்மை என்ன செய்கிறது, வளைவு என்ன செய்கிறது என்பது அந்த இரண்டு வாசலிலும் நின்றாலே தெரிந்துவிடும். நவீனக் கட்டடங்களில் மினிமலிசம் என்பது எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட்டு இடம், வெளிச்சம், பொருள் இவற்றை மட்டும் வைத்துக்கொள்வது. எக்ஸ்பிரசிவ் என்பது கட்டடத்தின் உருவமே ஒரு உணர்ச்சியைச் சொல்வது.

கேள்வி (மன்னார்குடி): அண்ணே, டிசைன் எதுவும் வேண்டாம், பிளைனாக இருந்தால் போதும் என்றேன். எஸ்டிமேட் பக்கத்து வீட்டை விடக் கூட வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: எஸ்டிமேட்டைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல மாட்டேன் தம்பி. பிளைன் என்றால் தப்பை மறைக்க இடமில்லை என்று அர்த்தம். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் கால் அங்குலம் இடைவெளி விழுந்தால் வழக்கமாக பீடிங் என்கிற மெல்லிய சட்டத்தை அடித்து மூடிவிடுவோம், சுவரும் தரையும் சேரும் இடத்தை ஸ்கர்ட்டிங் மூடிவிடும். இதையெல்லாம் வேண்டாம் என்றால் கொத்தனாரின் மட்டப்பலகை போன போக்கு அப்படியே வெளியே தெரியும். சாயங்கால வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும்போது போய்ப் பாருங்கள், காலையில் வழுவழுப்பாக இருந்த அதே பூச்சில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் கட்டி நிற்கும். அதைச் சரியாகப் பூசத் தெரிந்த ஆளுக்குக் கூலி அதிகம், நாளும் அதிகம்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் மீஸ் வான் டெர் ரோ என்ற ஆர்க்கிடெக்ட் 1951-ல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு இருக்கிறது. எட்டு இரும்புத் தூண், சுற்றிலும் கண்ணாடி, அவ்வளவுதான். தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் ஒரு போல்ட் கூடக் கண்ணில் படாது, ஏனென்றால் வெல்டிங் தழும்பைத் தேய்த்து, மணல் பீச்சி வழவழப்பாக்கி, வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். செலவு சொன்னதைத் தாண்டிப் போய், வீட்டுக்காரரான டாக்டர் அம்மாவுக்கும் மீஸுக்கும் கோர்ட் வழக்கே நடந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் ஊருக்கு அதுதான் முக்கியம். பக்கத்தில் ஆறு ஓடுகிறது என்று தரையை 5 அடிக்கு மேல் தூக்கித்தான் கட்டினார், இருந்தும் 1954-லும் 1996-லும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. ஆற்றங்கரை மனையில் பிளின்த் உயரத்தை, அதாவது மண்ணுக்கு மேல் தரை நிற்கும் உயரத்தை, அழகுக்காகக் குறைக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): சன்ஷேடே இல்லாமல் பெட்டி மாதிரி, பூசாத கான்கிரீட்டில் கட்ட ஆசை. செய்யலாமா?

பதில்: சன்ஷேடை எடுக்காதீர்கள். திருவாரூர் பக்கம் ஒரு வீட்டுக்கு நானே அப்படி எடுத்தேன், படத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. ஐப்பசி மழை பத்து நாள் அடித்ததும் ஒவ்வொரு ஜன்னலின் இரண்டு மூலையிலிருந்தும் கறுப்பாக மீசை மாதிரி கறை இறங்கிவிட்டது, உள்பக்கம் பூச்சு உப்பிக்கொண்டது. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அப்புறம் மெல்லிசாக இரண்டடி சன்ஷேடு வைத்துக் கொடுத்தேன். அதன் அடியில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, விரல் பருமனுக்கு நெடுக ஒரு காடி எடுக்க வேண்டும். அடிப்பக்கமாகச் சுவரை நோக்கி ஊர்ந்து வரும் தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். கீழே நிற்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. நான் மினிமலிசம் என்று மதிப்பது இந்த மாதிரி வேலையைத்தான்.

பூசாத கான்கிரீட் செய்யலாம், ஆனால் உங்கள் ஊரில் உப்புக் காற்று. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடலோரத்தைக் கடுமையான சூழல் என்று வைத்து, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், கேட்கிறது. கம்பி கட்டி முடித்ததும், அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை நீங்களே குனிந்து பாருங்கள், யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர், ஆர்க்கிடெக்சர் மாணவி): எக்ஸ்பிரசிவ் கட்டடம் எல்லாம் வெறும் ஆடம்பரம் என்கிறார் எங்கள் ஆசிரியர். சரியா சார்?

பதில்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அம்மா. சிட்னி ஆப்பரா ஹவுஸுக்கு யோர்ன் உட்சன் என்ற ஆர்க்கிடெக்ட் 1957-ல் போட்டியில் ஜெயித்தபோது, சிப்பி மாதிரி எழும்பும் அந்தக் கூரைகளை எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாது. எல்லாக் கூரையையும் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்ததாக வைத்துக்கொண்ட பிறகுதான், துண்டு துண்டாக வார்த்து ஏற்ற முடிந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று ஆரம்பித்து, 1973-ல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சம் ஆகியிருந்தது. அந்தச் செலவைக் கண்டிக்கலாம், ஆனால் வெளியே துள்ளுகிற உருவத்துக்குள்ளே அவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறதே, அதை ஆடம்பரம் என்று தள்ள முடியாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது பிரான்சில் ரோன்ஷான் ஊரில் லெ கார்புசியே கட்டிய சிற்றாலயம், 1955. பெரிய கனத்த கூரை, சுவரில் உட்காராமல் ஒரு கீற்று வெளிச்சம் விட்டு நிற்கும். அந்தக் கூரையில் விழும் மழை முழுவதும் பின்பக்கம் ஒரே தூம்பு வழியாகக் கீழே கான்கிரீட் தொட்டியில் கொட்டுகிறது. நம் கோயில் கருவறைக்கு வெளியே கோமுகம் இருக்கிறதே, அதேதான். தண்ணீர் போகும் வழியை பிவிசி பைப்பில் ஒளிக்காமல் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறார். உங்கள் ஆசிரியரிடம் அந்தத் தூம்பைக் காட்டுங்கள்.

கேள்வி (திருவாரூர்): முன்பக்கம் ஏ.சி.பி. ஷீட் (அலுமினியப் பலகை), சி.என்.சி. ஜாலி (மெஷினில் வெட்டிய துளைத் தட்டி) வைத்தால் எக்ஸ்பிரசிவ் ஆகுமா?

பதில்: ஆகாது. கழற்றி எடுத்தால் உள்ளே அதே பெட்டிதானே இருக்கும்.

கேள்வி (மயிலாடுதுறை): அம்மா முற்றம் வேண்டும் என்கிறார், எனக்கு மினிமலிஸ்ட் வீடு வேண்டும். எப்படிச் சமாளிப்பது?

பதில்: சண்டையே தேவையில்லை, இரண்டும் ஒன்றுதான். ஜப்பானிய ஆர்க்கிடெக்ட் ததாவோ அந்தோ 1976-ல் ஒசாகாவில் கட்டிய சுமியோஷி வீட்டின் மனை 57 சதுர மீட்டர்தான், ஒன்றரை சென்ட் கூட வராது. அதை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கைத் திறந்த முற்றமாக விட்டுவிட்டார். முன் கட்டிலிருந்து சமையலறைக்குப் போக மழையில் குடை பிடிக்க வேண்டும். தெருப்பக்கம் ஜன்னலே கிடையாது, வெறும் கான்கிரீட் சுவர், நடுவில் ஒரு வாசல். ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு என்று நம் பாட்டி வீட்டில் நடந்து பழகியவர்களுக்கு அந்த வீடு புதிதாகவே இருக்காது. உங்கள் வீட்டில் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் மட்டும் விட்டுவிடுங்கள், குடை வேண்டாம். தண்ணீர் வெளியேறும் குழாய் நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் ஷீட் போடச் சொல்லி யாராவது வந்தால், அம்மா பக்கம் நில்லுங்கள்.

கேள்வி (காரைக்கால்): கிட்டத்தில் போய்ப் பார்க்க ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: பாண்டிச்சேரி கோல்கொண்டே. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி, அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1930-களின் கடைசியில் வேலை ஆரம்பித்தது. கண்ணாடி ஜன்னல் இல்லை. வடக்கும் தெற்கும் முழுக்கத் திருப்பி வைக்கக்கூடிய பட்டைகள், காற்று வேண்டுமானால் திறக்கலாம், சாரல் அடித்தால் சாய்க்கலாம். ஒரு அலங்காரமும் கிடையாது. உள்ளே விடச் சொல்லிக் கேட்காதீர்கள், ஆட்கள் தங்கும் இடம். வெளியே நின்று, எந்த அறையின் பட்டை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொருவரும் அன்றைய வெயிலுக்கு ஏற்பத் திருப்பி வைத்திருப்பார்கள்.