பீரங்கியில் நிலாவுக்குப் போனவர்கள்: அறிவியல் புனைகதை கேள்வி பதில்

ஐம்பது வருஷமாக அறிவியல் புனைகதை படிக்கிறேன். முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: இந்த ஆர்வம் எப்போது வந்தது சார்?

ஏழாம் வகுப்பில். ஊர் நூலகத்தில் ஜூல் வெர்னின் நிலாப் பயணக் கதை கிடைத்தது. அட்டை பிய்ந்து, சணல் நூலால் தைத்த புத்தகம். 900 அடி நீளப் பீரங்கி, அதற்குள் ஒரு குண்டு, குண்டுக்குள் மூன்று பேர். சுட்டதும் நிலாவை நோக்கிக் கிளம்பிவிடுவார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் முடுக்கம் நடத்தியபோது அந்தப் பீரங்கி ஞாபகம் வந்தது. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். பூமியின் ஈர்ப்பை மீறிப் போக வினாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும், அதை 900 அடிக்குள் எட்ட வேண்டும். வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், புவியீர்ப்பைப்போல 22,000 மடங்கு வந்தது. சைபர் கூடிவிட்டதோ என்று மூன்று தடவை சரிபார்த்தேன். கூடவில்லை. உள்ளே இருப்பவர்கள் சுட்ட கணத்திலேயே நசுங்கிப்போவார்கள்.

கதை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சரி, பீரங்கி ஆகாது என்றால் வேறு எப்படிப் போவது என்றுதான் மனம் ஓடியது. ருஷ்யாவில் சியல்கோவ்ஸ்கி, திரான்சில்வேனியாவில் சிறுவன் ஓபெர்த், இருவரும் வெர்னைப் படித்துவிட்டு இதே இடத்தில்தான் நின்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடிக்கிற ஒன்று வேண்டும், அது ராக்கெட் என்று கண்டுகொண்டார்கள். வெர்ன் எழுதியது 1865. சியல்கோவ்ஸ்கியின் ராக்கெட் கட்டுரை அச்சானது 1903. தப்பான பீரங்கிதான் சரியான கேள்வியைக் கேட்க வைத்தது.

கேள்வி: சாட்டிலைட்டை ஆர்தர் கிளார்க் தன் கதையில்தானே கண்டுபிடித்தார்?

இல்லை. 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் அவர் எழுதியது கதையே அல்ல, தொழில்நுட்பக் கட்டுரை. பூமியோடு சேர்ந்து சுற்றும் அந்தப் பாதையைப் பற்றி 1928இலேயே போடோச்னிக் என்ற பொறியாளர் எழுதியிருந்தார். அங்கே மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று விளக்கியதுதான் கிளார்க்கின் பங்கு. அதுவே பெரிய விஷயம். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர் என்பதால் நமக்கு அவர் மேல் பாசம் அதிகம். அதற்காக இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: செல்போன் ஸ்டார் ட்ரெக் டிவி தொடரைப் பார்த்து வந்தது என்கிறார்களே?

1973இல் கையடக்க செல்போனில் முதல் அழைப்பைச் செய்த மார்ட்டின் கூப்பரே, தன்னைத் தூண்டியது டிக் ட்ரேசி சித்திரக்கதையில் வரும் மணிக்கட்டு ரேடியோ என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒரு எச்சரிக்கை, இதைத் திரும்பவும் சொல்வேன்: "கதையைப் படித்துக் கண்டுபிடித்தார்" என்று யாராவது பகிர்ந்தால், அந்த விஞ்ஞானியே அப்படிச் சொன்னாரா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: அப்படி அவர்களே சொன்ன உதாரணம் இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்க ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் கொடார்ட் பதினாறு வயதில், ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்க்காரர் கதையைப் படித்தார். 1899 அக்டோபர் 19 அன்று வீட்டுச் செர்ரி மரத்தில் ஏறிக் கிளை வெட்டும்போது, செவ்வாய்க்குப் போகும் கருவி ஒன்று மனதில் தோன்றியது. வருஷாவருஷம் அந்தத் தேதியை நினைவு வைத்துக் கொண்டாடினார். 1926இல் அவரது முதல் திரவ எரிபொருள் ராக்கெட் 41 அடி உயரம் பறந்தது. 1932இல் வெல்ஸுக்குக் கடிதமே எழுதினார்.

இன்னொருவர் இயற்பியலாளர் லியோ ஸிலார்ட். வெல்ஸ் 1914இல் வெளியிட்ட ஒரு நாவலில் 'அணுகுண்டு' என்ற சொல்லே வருகிறது. விமானத்தில் குண்டு போடுபவர் அதைப் பல்லால் கடித்து முடுக்கி, கையால் தூக்கிக் கீழே போடுவார். விழுந்த இடத்தில் நாள்கணக்கில் வெடித்துக்கொண்டே இருக்கும். 1932இல் ஸிலார்ட் இதைப் படித்தார். அடுத்த வருஷம் செப்டம்பரில், அணுவிலிருந்து சக்தி எடுப்பது வெறும் பேச்சு என்று அணு விஞ்ஞானி ரூதர்ஃபோர்டு சொன்னதைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு லண்டனில் நடந்துபோனார். சவுத்தாம்ப்டன் ரோவில் சாலையைக் கடக்கும்போது, ஒரு நியூட்ரான் அணுவில் மோதி இரண்டு வெளிவந்தால், அவை அடுத்த அணுக்களில் மோதி, இப்படியே தொடர்வினை நடக்குமே என்று தோன்றியது.

கேள்வி: காலப் பயணம் சாத்தியமா?

இப்போதைக்கு இல்லை. 1988இல் இயற்பியலாளர்கள் கிப் தோர்ன், மோரிஸ் எழுதிய வார்ம்ஹோல் (வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி) கட்டுரையைத் தேடிப் படியுங்கள். வானியலாளர் கார்ல் சேகன் தன் நாவலுக்காகக் கேட்ட சந்தேகத்திலிருந்து பிறந்தது அது.

கேள்வி: கிளார்க்தானே சாட்டிலைட்டை...

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: புஷ்பக விமானம் அறிவியல் புனைகதையா?

என் துறை இல்லை. காப்பியம் படித்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஹிரோஷிமாவுக்கு வெல்ஸும் பொறுப்புதானே? குண்டுக்கு யோசனை கொடுத்ததே கதைதான் என்று ஆகிறதே.

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வெல்ஸுக்கு அந்த எண்ணம் வந்ததே சாடி என்ற வேதியியலாளரின் ரேடியம் நூலிலிருந்து. நாவலை அந்த நூலுக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார். அறிவியல் கதைக்குப் போய், கதை மறுபடி அறிவியலுக்கு வந்தது. அதோடு, வெல்ஸின் குண்டு எப்படி வேலை செய்யும் என்று அவர் எழுதியது தப்பு. அதைப் பார்த்து யாரும் குண்டு செய்ய முடியாது.

அதே நண்பர்: வழி தப்பாக இருக்கலாம், ஆசை கதையிலிருந்து வந்ததல்லவா? உங்கள் பீரங்கிக்கு ஒரு நியாயம், குண்டுக்கு ஒரு நியாயமா?

நல்ல அடி. இரண்டுக்கும் ஒரே நியாயம்தான், ஆனால் கதை ஸிலார்டுக்கு ஆசையை மட்டும் தரவில்லை, பயத்தையும் தந்தது. தொடர்வினைக்கு 1934இல் காப்புரிமை கேட்டார். அது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது வெல்ஸைப் படித்ததால் தனக்குத் தெரிந்திருந்தது என்று அவரே சொன்னார். 1936இல் பிரிட்டிஷ் கடற்படையிடம் ஒப்படைத்து ரகசியமாக வைத்தார்.

அதே நண்பர்: ரகசியமாக வைத்தும் குண்டு வந்துவிட்டதே.

வந்தது. ஹிட்லர் முந்திவிடுவாரோ என்ற பயத்தில், ஐன்ஸ்டைன் 1939இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குக் கையெழுத்திட்ட கடிதத்தை எழுத உதவியதும் ஸிலார்ட்தான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் 1945 ஜூலையில், ஜப்பானுக்குச் சரணடைய வாய்ப்புக் கொடுக்காமல் குண்டைப் போடக் கூடாது என்று மனு எழுதி, எழுபது பேரின் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். அது அப்போதைய அதிபர் ட்ரூமன் கைக்குப் போய்ச் சேரவில்லை.