வட ஜெர்மனியின் அன்றைய முடியரசான பிரஷ்யாவின் இளவரசி வில்ஹெல்மினாவுக்கு, அதன் மன்னர் மகா பிரெட்ரிக்கின் அக்கா என்பதைத் தாண்டி வரலாற்றில் இடம் உண்டா?

உண்டு. தென் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் உள்ள ஓபரா (இசை நாடக) அரங்கும், தந்தையின் அரண்மனையைப் பற்றி அவர் எழுதி வைத்த நினைவுக்குறிப்புகளும் இல்லாமல் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியைப் பற்றிப் பேசுவது கடினம்.

வில்ஹெல்மினா 1709 ஜூலை 3 அன்று பெர்லினில் பிறந்தார். தந்தை பிரெட்ரிக் வில்லியம், பின்னாளில் 'படைவீர மன்னர்' என்று பெயரெடுத்தவர். தாய் சோபியா டோரதேயா, இங்கிலாந்தின் முதலாம் ஜார்ஜ் மன்னரின் மகள். மகளைத் தம் பிறந்த வீட்டிலேயே, வேல்ஸ் இளவரசருக்குக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்பது தாயின் பல்லாண்டுக் கனவு. தந்தையோ ஆஸ்திரியப் பேரரசரின் பக்கம் சாய்ந்திருந்தார். இந்த இழுபறியில் அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை.

1730 ஆகஸ்டில், தந்தையின் கொடுமை தாளாமல் தம்பி பிரெட்ரிக் நாட்டை விட்டுத் தப்ப முயன்று பிடிபட்டார். அவருக்கு உடந்தையாக இருந்த நண்பர் கட்டே, நவம்பர் 6 அன்று கியூஸ்ட்ரின் கோட்டையில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். இதில் மகளுக்கும் பங்கு உண்டு என்று நம்பிய மன்னர், அவரை முகத்தில் அறைந்ததோடு, மாதக்கணக்கில் அறைக்குள் காவலில் வைத்தார். தாம் இணங்கினால் தம்பிக்கு மன்னிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், தந்தை காட்டிய பைராய்ட் இளவரசருக்கு 1731 நவம்பரில் கழுத்தை நீட்டினார் வில்ஹெல்மினா.

பைராய்ட் சிறிய சமஸ்தானம், கஜானாவும் பெரிதல்ல. மாமனார் 1735இல் இறந்து கணவர் பட்டத்துக்கு வந்த பிறகுதான் வில்ஹெல்மினாவின் கை ஓங்கியது. லூட் என்ற நரம்பிசைக் கருவியை வாசிப்பதில் தேர்ந்த அவர், 1740இல் கணவரின் பிறந்தநாளுக்காக 'அர்ஜெனோரே' என்ற ஓபராவை இயற்றினார். 1748இல் ஒரே மகளின் திருமணத்தையொட்டித் திறக்கப்பட்ட ஓபரா அரங்கின் உட்புறத்தை இத்தாலியக் கலைஞர் ஜுசெப்பே கல்லி பிபியேனா வடிவமைத்தார். வெளியே கல் முகப்பு. உள்ளே முழுவதும் மரமும் வண்ணம் தீட்டிய துணியும். பளிங்கு போலத் தெரிவதும் மரமே. 2012இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பைராய்ட்டின் மீது 19ஆம் நூற்றாண்டு ஓபரா இசையமைப்பாளர் வாக்னரின் கவனத்தை முதலில் ஈர்த்ததும் இந்த அரங்கின் ஆழமான மேடைதான். (செலவைத் தாங்கியது அச்சிறு நாட்டின் குடிமக்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

நினைவுக்குறிப்புகளை அவர் பிரெஞ்சு மொழியில் எழுதினார். அவை 1810இல்தான் அச்சேறின. ரஷ்யாவின் மகா பீட்டர் பெர்லினுக்கு வந்தபோது இவருக்கு எட்டு வயது. ஜார் மன்னர் தம்மைத் தூக்கி முத்தமிட்டு முகத்தைச் சிராய்த்ததாகவும், தாம் அவரை அறைந்ததாகவும், ஜாரின் மனைவி அரசி கேத்தரினின் உடையில் தொங்கிய பதக்கங்களும் புனித உருவங்களும் நடக்கும்போது கோவேறு கழுதையின் மணிகளைப் போல ஒலித்ததாகவும் எழுதுகிறார். படிக்கச் சுவையாக இருந்தாலும், எட்டு வயதில் கண்டதைப் பல ஆண்டுகள் கழித்து எழுதியது இது என்பதை மறக்கக் கூடாது. வரலாற்றாசிரியர்கள் இந்நூலில் பிழைகளையும் மிகைகளையும் நிறையவே காட்டியிருக்கிறார்கள்.

அவர் அதை எழுதிய காலமும் முக்கியம். 1740களின் நடுவில் அக்காவுக்கும் தம்பிக்கும் கடும் மனக்கசப்பு ஏற்பட்டிருந்தது. பிரெட்ரிக்கின் எதிரியான ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவை 1745இல் வில்ஹெல்மினா சந்தித்தது அதை மேலும் வளர்த்தது. நூலில் தம்பியைப் பற்றி வரும் கசப்பான வரிகளில் அந்தப் பிணக்கின் சாயல் இருப்பதாகவே நான் கருதுகிறேன். பின்னர் இருவரும் சமாதானமாகி, ஆஸ்திரியாவும் பிரான்சும் பிரஷ்யாவை எதிர்த்த ஏழாண்டுப் போரின்போது (1756-63) தம்பிக்காக பிரான்சுடன் சமரசம் பேசவும் அவர் முயன்றார். 1758 அக்டோபர் 14 அன்று, ஹோக்கிர்க் போரில் ஆஸ்திரியரிடம் பிரெட்ரிக்கின் படை தோற்ற அதே நாளில், அவர் இறந்தார். ஆகவே, அவரை அறிய விரும்புவோர் நினைவுக்குறிப்புகளோடு நின்றுவிடாமல், உடன்பிறந்த இருவரின் கடிதங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே என் பரிந்துரை.