நாஸ் பெட்டிக்கு எந்த ஹார்ட் டிஸ்க்? அண்ணாச்சியிடம் கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் ஃபைல் வைக்க ரெண்டு டிஸ்க் நாஸ் பெட்டி வாங்கியாச்சு அண்ணாச்சி. 4 டிபி சீகேட் பாரகூடா டிஸ்க் விலை குறைவா இருக்கு. போடலாமா?

வேண்டாம். அது எஸ்எம்ஆர் வகை. எழுதும் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒன்றைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். அன்றாட வேலையில் தெரியாது. ரெய்டில் (பல டிஸ்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறை) ஒரு டிஸ்க் செத்து, புதியதில் மணிக்கணக்கில் எழுதும்போதுதான் படுத்துவிடும். 2020இல் டபிள்யூடி கம்பெனியின் நாஸ் டிஸ்கான ரெட்டில், 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்களே சொல்லாமல் எஸ்எம்ஆராக வந்தது வெளியாகிப் பெரிய ரகளையானது. அதன்பிறகுதான் தடங்கள் ஏறிக் கிடக்காத சிஎம்ஆர் மாடல்களுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வந்தது. ரெட் பிளஸ், ஐயன்வுல்ஃப், தோஷிபா என்300 மூன்றும் சிஎம்ஆர். டிஸ்க்மேல் இருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

பாளையங்கோட்டை: நிமிஷத்துக்கு 7200 சுற்று சுத்துற டிஸ்க் நல்லதா?

கிகாபிட் நெட்வொர்க் லைனில் நொடிக்கு 110 எம்பி போல்தான் போகும். 5400 சுற்றே அதற்குத் தாராளம். சித்திரை வெயிலில் மாடி அறையில் கூடுதல் சூடு எதற்கு?

வள்ளியூர்: சிசிடிவிக்கு வாங்கின டபிள்யூடி பர்ப்பிள் டிஸ்க் இருக்கு. நாஸ்ல போடலாமா?

கேமராவுக்கே இருக்கட்டும்.

மேலப்பாளையம்: ரெய்டு 1 (ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல்) போட்டாச்சு. பேக்கப் தனியா வேணுமா?

வேணும். தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

மேலப்பாளையம்: ஸ்னாப்ஷாட் (ஃபைல்களோட பழைய நிலையைப் பதிஞ்சு வைக்கிறது) இருக்குல்லா? அழிச்சாலும் மீட்கலாமே.

சரி, அழித்ததற்கு அது போதும். ஐப்பசி மழையில் இடி இறங்கினால் ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள்தானே இருக்கிறது?

வள்ளியூர்: அப்போ ரெண்டாவது டிஸ்கை யூஎஸ்பி கேஸில் போட்டு வச்சா என்ன?

அதைத்தான் நானும் செய்வேன். வாரம் ஒருமுறை நகல் எடுத்துக் கழற்றி, வேறு வீட்டில் வையுங்கள். டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓடத்தான் ரெய்டு. கடைக் கணக்குக்கு அது தேவை. கல்யாண போட்டோ ஒருநாள் திறக்காவிட்டால் குடி முழுகிப் போகாது.

மேலப்பாளையம்: ரெய்டை எடுக்க மனசு வரலை அண்ணாச்சி.

இருக்கட்டும். மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்குங்கள்.

உவரி: இன்வெர்ட்டர் இருக்கு. யுபிஎஸ் வேணுமா?

கரண்ட் மாறும் கணத்தில் பெட்டி அணையாவிட்டால் சமாளிக்கலாம். ஆனால் யூஎஸ்பி வயருள்ள யுபிஎஸ், பேட்டரி தீரும் முன் பெட்டியை முறைப்படி நிறுத்தும்.

தென்காசி: 4 டிபி வாங்கினா 3.63தான் காட்டுது. ஏமாத்திட்டானா?

இல்லை. கம்பெனி 1000ஆல் எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024ஆல் எண்ணுகிறது.

களக்காடு: 8 டிபி பாரகூடா?

முதல் பதில். அதுவும் எஸ்எம்ஆர்தான்.

நாங்குநேரி: ரெய்டு 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் தாங்கும் வகை) போட்டா பேக்கப் வேண்டாம்லா?

வேணும்.