கேள்வி-பதில்: செயலிக்குள் அடுத்தவர் ஃபிரேம்வொர்க்

கேள்வி: எங்கள் மேக் செயலியில் வெளியார் எழுதிய ஃபிரேம்வொர்க் (செயலிக்குள் சேர்க்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்று இருக்கிறது. செயலிக்கு டிஜிட்டல் கையொப்பமிட்டும், திறந்ததுமே கிராஷ் ஆகிறது. டீம் ஐடி (டெவலப்பர் குழுவுக்கு ஆப்பிள் தரும் அடையாளக் குறியீடு) வேறு என்கிறது கிராஷ் ரிப்போர்ட். என்ன செய்வது?

பதில்: ஃபிரேம்வொர்க்கில் அதைத் தயாரித்தவரின் கையொப்பம் அப்படியே இருக்கிறது. ஹார்டன்டு ரன்டைம் (ஆப்பிளின் கூடுதல் பாதுகாப்பு அமைப்பு) உள்ள செயலி, ஆப்பிளுடைய லைப்ரரிகளையும் தன் டீம் ஐடி கொண்டவற்றையும்தான் ஏற்றும். உங்கள் டெவலப்பர் ஐடி சான்றிதழால் ஃபிரேம்வொர்க்குக்கு மறுபடி கையொப்பமிடுங்கள். நோட்டரைசேஷனுக்கு (வெளியிடும் முன் ஆப்பிள் செயலியைச் சோதித்து ஒப்புவது) கையொப்பத்தில் டைம்ஸ்டாம்ப்பும் (நேர முத்திரை) அவசியம்.

வரிசைதான் முக்கியம்: உள்ளிருந்து வெளியே. ஃபிரேம்வொர்க்குக்குள் எக்ஸ்பிசி சர்வீஸோ (தனியாக ஓடும் துணை நிரல்) வேறு உதவி நிரலோ இருந்தால் முதலில் அது, பிறகு ஃபிரேம்வொர்க், கடைசியில் செயலி. வெளிக் கையொப்பத்துக்குள் உள்ளவற்றின் கையொப்பமும் பதிவாகிறது. பிறகு உள்ளே எதைத் தொட்டாலும் வெளிக் கையொப்பம் செல்லாது.

கோட்சைன் எனும் கையொப்பக் கட்டளையின் 'டீப்' ஆப்ஷனால் (உள்ளிருப்பவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையில்) கையொப்பமிடாதீர்கள். செயலிக்கான என்டைட்டில்மென்ட்களை (சிறப்பு அனுமதிகளை) உள்ளிருக்கும் நிரல்களுக்கும் அது கொடுத்துவிடும். கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டும் அதை 'ஸ்ட்ரிக்ட்' ஆப்ஷனோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

பலர் தவறவிடுவது இன்னொன்று: நகலெடுக்கும்போது ஃபிரேம்வொர்க்கின் 'கரண்ட்' சிம்பாலிக் லிங்க் (வேறொரு கோப்புறையைச் சுட்டும் இணைப்பு) நிஜக் கோப்புறையாக மாறினால், கையொப்பமிடும்போதே பிழை வரும். 'டிட்டோ' கட்டளையால் நகலெடுத்தால் லிங்க் அப்படியே இருக்கும்.